வீட்டு வாசலில் ஒரு பஞ்சாங்கம்

சென்ற தை மாதத்தில் நம் வீட்டு வாசலில் ஒரு விசாரணை நடந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றது, மதிலோரத்தில் ஏழு வருஷமாக வளர்ந்து வந்த ஒரு சரக்கொன்றை மரம். வாதிகள் நம் குடும்பத்தார். தண்டனையை நிறைவேற்றுவதற்காகத் தோளில் கயிறும் கையில் அரிவாளுமாக ஒருவர் முன்கூட்டியே வந்து, திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போட்டுக் கொண்டிருந்தார். தீர்ப்புக்கு முன்னால் தண்டனையைத் தயார் செய்து வைத்துக்கொள்வது உலகத்தில் புதிய வழக்கம் ஒன்றும் அல்லவே!

மரத்தின் மீது மூன்று குற்றங்கள் சாட்டப்பட்டன. ஏழு வருஷம் எருவும் தண்ணீரும் சாப்பிட்டுவிட்டு ஒரு பூக்கூடப் பூக்கவில்லை என்பது முதலாவது. கோடை வந்தால் இலைகளைக் கொட்டி, போட்ட கோலம் தெரியாதபடி வாசலைக் குப்பைமேடாக்குகிறது என்பது இரண்டாவது. இதைக் கொண்டு வந்தவர் நம் வீட்டு எஜமானி. மூன்றாவது குற்றச்சாட்டு நம் புத்திரனுடையது. அவன் வாங்க உத்தேசித்திருக்கும் மோட்டார் வண்டியை நிறுத்துவதற்கு அந்த மரம் நிற்கும் இடம் வேண்டுமாம். வண்டி இன்னும் வரவில்லை. இடம் மட்டும் அவசரமாகத் தேவைப்பட்டது.

மரத்தின் தரப்பில் பேச ஒருவர்தான் இருந்தார். அவர் நம் அத்தை. வயது 84. இரண்டு வருஷங்களுக்கு முன் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து, முன்னறை ஜன்னலோரக் கட்டில்தான் அவருடைய உலகம். பார்வையும் மங்கிவிட்டது. மனிதர்களைக் குரலைக் கொண்டுதான் தெரிந்து கொள்கிறார். ஆனால் நிறங்கள் மட்டும் அவருக்கு இன்னும் தெரிகின்றன.

"ஏண்டா அப்பா! ஜன்னலுக்கு வெளியே எனக்குத் தெரிகிறது அந்த மரம் ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கிறது மதில். மதில் எல்லா மாசத்திலும் மதிலாகத்தானே இருக்கும்?" என்றார்.

சபை மௌனமாயிற்று. வழக்கை வைகாசி முடிய ஒத்தி வைப்பது என்று முடிவு செய்தோம். மரம் வெட்ட வந்தவருக்கு வந்ததற்கான கூலியைக் கொடுத்தோம். அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு புறப்படும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "கிணற்றடித் தண்ணியை நாள் தவறாமல் விட்டுக்கொண்டிருந்தால் கொன்றை இலையைத்தான் விடும், ஐயா. அதோடு தை மாசத்திலே கிளையை நறுக்கினால் பூ எங்கேயிருந்து வரும்? நறுக்க வேண்டுமானால் பூத்து ஓய்ந்த பிறகு நறுக்குங்கள்."

இந்த இரண்டு காரியங்களையும் ஏழு வருஷமாக வெகு சிரத்தையுடன் செய்து வந்தவர் நாமேதான்! மரத்தின் மீது சாட்டிய முதல் குற்றத்தில் உண்மையான குற்றவாளி யார் என்பது, அதை வெட்ட வந்தவர் வாயிலாகவே வெளிப்பட்டது. அன்றே வாய்க்காலை வேறு பக்கம் திருப்பி விட்டோம்.

வாய்தா கிடைத்த நான்கு மாதமும், ஓய்ந்த வேளைகளில் அத்தையின் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, அவர் பார்க்கும் திசையையே நாமும் பார்த்து வந்தோம். அப்படிப் பார்த்ததில் ஒரு விஷயம் விளங்கிற்று. அதை நேயர்களுக்குச் சொல்வதே இந்த வாரம் நமது நோக்கம்.

தோட்டக் கலையைப் பற்றிய சீமைப் புத்தகங்களைப் புரட்டினால் ஒரே வரிசையைக் காணலாம். வசந்தத்தில் மலர், கோடையில் பசுமை, இலையுதிர் காலத்தில் மேப்பிளும் ஓக்கும் பொன்னும் குங்குமமுமாகச் சிவத்தல், குளிர்காலத்தில் மொட்டைக் கிளை. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "நம் ஊரில் பருவம் ஏது? வருஷம் முழுவதும் வெயில், நடுவில் கொஞ்சம் மழை, அவ்வளவுதானே!" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகவே இருந்தோம். உண்மையில் நம் தோட்டங்களில் பருவத்துக்குக் குறைவில்லை, வரிசைதான் வேறு. குளிர் தேசங்களில் இலை சிவப்பது அது சாகும் காலத்தில். நம் மரங்களில் பெரும்பாலும் இலை சிவப்பது பிறக்கும் காலத்தில். அங்கே வெயில் இதமாகும்போது மலர்கள் வருகின்றன. இங்கே வெயில் பொறுக்க முடியாததாகும்போதுதான் மரங்கள் தம் பெட்டியைத் திறந்து பட்டை எடுத்து உடுத்துகின்றன.

மாந்தளிரை எடுத்துக்கொள்வோம். செம்பும் ஊதாவும் கலந்த அந்த நிறத்தைப் பட்டுப்புடவைக்குப் பெயராகவே நம் பெண்மணிகள் வைத்திருக்கிறார்கள். ஆனால் கடையில் மாந்தளிர்ப் பட்டைக் கேட்டு வாங்குகிறவர்களில், மரத்தில் அதைத் தலைநிமிர்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? மாசி, பங்குனியில் வேம்பும் அரசும் இதே செந்நிறத்தில்தான் துளிர்க்கின்றன. தளிரில் பச்சையம் நிரம்புவதற்கு முன்னால் ஆந்தோசயனின் என்னும் செந்நிறப் பொருள் மிகுந்திருப்பதே இதற்குக் காரணம். இளந்தளிரைக் கொளுத்தும் வெயிலிலிருந்து காக்கும் குடை அது என்று தாவர சாஸ்திரிகளில் சிலர் கூறுகிறார்கள். பூச்சிகள் தின்னாமல் தப்புவதற்கான வேஷம் என்று வேறு சிலர் கூறுகிறார்கள். குழந்தைக்குத் தலையில் குல்லாயும் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைக்கிற தாயாரைப் போல, மரம் இரண்டையும் உத்தேசித்துச் செய்கிறதோ என்னவோ!

விதிக்கு விலக்காக, சாகும்போது சிவக்கும் மரம் ஒன்றும் நம்மிடம் உண்டு. அது நாட்டு வாதுமை. அடுத்த வீட்டு வாதுமை, தட்டுத் தட்டாக விரிந்த கிளைகளோடு நம் மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கிறது. தை மாதக் கடைசியில் அதன் அகன்ற இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளித்து, பிறகு நல்ல குங்குமச் சிவப்பாகி உதிர்ந்தன. "பக்கத்து வீட்டில் கல்யாணமா? சிவப்பாக என்னவோ கட்டியிருக்கிறார்களே!" என்று அத்தை கேட்டார். மேப்பிளைப் பார்க்கக் கப்பல் ஏற வேண்டியதில்லை என்று அன்று தெரிந்துகொண்டோம்.

மாசியில் ஊருக்கு வெளியே புரச மரங்கள் இலையை முற்றும் உதிர்த்துவிட்டுத் தீப்பிடித்தாற்போலப் பூத்தன. சென்னையில் புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்தது இந்த மரந்தான் என்பார்கள். இன்று அந்தப் பேட்டையில் புடவைக் கடையைக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள்; புரச மரத்தைக் காட்டச் சொன்னால் திகைப்பார்கள். பங்குனியில் புங்கம் பழைய இலையைக் கழித்துவிட்டு, எண்ணெய் தடவினாற்போன்ற இளம்பச்சையை உடுத்தது. வேப்பம்பூ உதிர்ந்து வருஷப் பிறப்புப் பச்சடிக்கு ஆயிற்று.

இலையில்லாத வெறுங்கிளையில் பூக்கும் பூவைத் தேனீக்களும் குருவிகளும் வெகு தூரத்திலிருந்தே கண்டுகொள்ளும். புரசும் வேம்பும் கோடையில் பூத்துக் காய்த்து, மழை வருமுன் விதையைத் தரையில் போட்டுவிடுகின்றன. அக்கினி நட்சத்திரத்தில் நாம் விசிறியும் கையுமாக உட்கார்ந்து வெயிலை வைகிறோம். அதே வெயிலில் மரங்கள் வருஷத்தின் முக்கியமான காரியத்தை முடித்துக்கொள்கின்றன.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, நம் கொன்றை மட்டும் என்ன செய்தது? வழக்கம்போல் இலையைக் கொட்டிற்று. சித்திரை பிறந்தபோது விறகுக்கட்டை நட்டு வைத்தாற்போல மொட்டையாக நின்றது. தண்ணீரை நிறுத்தியதால் செத்தே போய்விட்டது என்று புத்திரன் தீர்மானித்து, அளவு நாடாவை எடுத்து வந்து இடத்தை அளந்து பார்த்தான். எஜமானி துடைப்பத்துடன் நம்மைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்க விரும்பவில்லை.

கத்திரி பிறந்த ஐந்தாம் நாள் காலையில் காப்பி கொண்டுபோன எஜமானியிடம் அத்தை, "மதில் மேல் யார் மஞ்சள் துணி உலர்த்தியிருக்கிறார்கள்?" என்று கேட்டார். துணி ஏதும் இல்லை. எஜமானி ஜன்னலருகே போய் நின்றார். பிறகு நம்மைக் கூப்பிட்டார். அவர் கூப்பிட்ட குரலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

அதிகமில்லை; மூன்றே சரம். முழ நீளத்தில், காற்றில் மெதுவாக அசைந்துகொண்டு தொங்கின. அப்புறம் பத்து நாளில் மரத்தில் பொன்னைத் தவிர வேறொன்றும் இல்லை. இதழ்கள் உதிர்ந்து வாசலெல்லாம் மஞ்சளாயின. துடைப்பத்தோடு வெளியே போன எஜமானி, கோலத்தின் மேல் விழுந்து கிடந்த இதழ்களைக் கூட்டாமலே திரும்பி வந்தார். இரண்டாவது குற்றச்சாட்டை வாபஸ் பெற்றதாக நாம் அதை எடுத்துக்கொண்டோம்.

சிவபெருமான் சூடும் கொன்றை இது. கேரளத்தார் விஷுக் கனியில் வைக்கும் கொன்றையும் இதுவே. அந்த ராஜ்யத்தின் மலரும் இதுதான். சங்கப் புலவர்கள் கொன்றையைக் கார்காலத்துக்கு அடையாளமாகப் பாடினார்கள். பொருள் தேடப் போன தலைவன் கார்காலத்தில் திரும்புவதாகச் சொல்லியிருக்கிறான். கொன்றை பூத்துவிட்டது, அவன் வரவில்லை. தலைவி கலங்குகிறாள். 'இது பருவ மழையல்ல; பருவமல்லாத மழையைப் பார்த்து ஏமாந்து பூத்த பேதை மரம் இது' என்று தோழி தேற்றுவதாகக் குறுந்தொகையில் ஒரு பாட்டு உண்டு. இந்நாளில் விஷுவுக்குப் பல நாள் முன்னதாகவே கொன்றை பூத்து உதிர்ந்துவிடுகிறது என்று கேரளத்தில் சில வருஷங்களாகவே பேச்சு அடிபடுகிறது. வெயிலும் மழையும் கணக்குத் தவறினால் மரத்தின் பஞ்சாங்கமும் தவறுகிறது. தோழி அன்று தலைவியைத் தேற்றுவதற்காகச் சொன்ன வார்த்தை, இன்று கவலையோடு யோசிக்க வேண்டிய வார்த்தையாகிவிட்டது.

இனி, நம் வாசலிலும் இப்படி ஒரு பஞ்சாங்கம் இருந்தால் நன்றாயிருக்குமே என்று நினைக்கும் நேயர்களுக்கு, நாம் பட்டறிந்த சில யோசனைகளைச் சொல்கிறோம். இதற்குத் தோப்பும் துரவும் வேண்டியதில்லை. அரை கிரவுண்டு மனையில் வீடு போக மிஞ்சிய இடமே போதும். ஒரே சமயத்தில் பூக்கும் பத்துச் செடிகளை வைத்துவிட்டு மற்ற மாதங்களில் மதிலைப் பார்த்துக்கொண்டிராமல், மாதத்துக்கு ஒன்றாகப் பங்கிட்டு வைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கோடைக்கு ஒரு கொன்றை. இடம் தாராளமாக இருந்தால், ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் பூமருது. இடம் குறைவானால் ஒரு மாதுளை. அதன் செம்பூவும் அழகு, பழமும் லாபம். ஆனி, ஆடியில் காற்று அடிக்கும் காலத்துக்குச் செம்பருத்தியும், சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் குட்டையான மயிற்கொன்றையும். ஆவணியிலிருந்து மார்கழி வரையில் பவழமல்லி. இரவில் மலர்ந்து விடியற்காலையில் உதிரும் அதன் வெள்ளை இதழையும் பவழக் காம்பையும் பார்ப்பதற்காகவே சீக்கிரம் எழுந்திருக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் செம்மந்தாரை. மழை கண்டால் குஷியாகப் பூக்கும் வெட்சி; குழந்தைகள் இட்லிப் பூ என்று சொல்வது இதைத்தான். பழந்தமிழ் மறவர் ஆநிரை கவரப் போகும்போது சூடிய வெட்சி, இன்று நம் படிக்கட்டுக்குப் பக்கத்தில் தொட்டியில் சாதுவாக நிற்கிறது. மார்கழிக்கு ஊதா நிற டிசம்பர் பூ. தை, மாசிக்குக் காகிதப்பூ. இதற்கும் தண்ணீரைக் குறைத்தால்தான் நிறம் கூடும். இலையழகுக்குக் குரோட்டன்ஸ் வைப்பவர்கள் அதை நல்ல வெளிச்சத்தில் வைக்க வேண்டும். நிழலில் வைத்தால் நிறம் மங்கிப் பச்சையாகிவிடும்.

இடம் அதிகமாக உள்ளவர்கள் பூவரசை மறக்க வேண்டாம். காலையில் மஞ்சளாக மலரும் பூ, வாடும்போது செவ்வூதாவாகிறது. ஒரே மரத்தில் நேற்றைய பூவையும் இன்றைய பூவையும் நிறத்தைக் கொண்டே பிரித்துச் சொல்லலாம். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதலாம் என்பதைக் குழந்தைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

குல்மொஹரைப் பற்றி ஒரு வார்த்தை. மே மாதத்தில் அது பூத்து நிற்கும் அழகைக் குறை கூற யாராலும் முடியாது. ஆனால் மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த அந்த மரத்துக்கு வேர் மேலாக ஓடும். கிளையும் எளிதில் முறியும். 2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சாய்ந்தவற்றில் குல்மொஹரும், மஞ்சளாகப் பூக்கும் இயல்வாகையும் ஏராளம். பரந்த மைதானங்களில் அவை இருக்கட்டும். சின்ன வாசலில், ஓட்டுக் கூரைக்குப் பக்கத்தில் வேண்டாம். வெளி தேசத்திலிருந்து வந்த செடிகளையெல்லாம் துரத்த வேண்டும் என்பது நமது கட்சி அல்ல. காகிதப்பூவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். விருந்தாளிகள் இருக்கட்டும், ஆனால் கொன்றை, வெட்சி, கனகாம்பரம் முதலிய வீட்டுக்காரர்களுக்கும் பாயில் இடம் விட வேண்டாமா?

குழந்தைகள் உள்ள வீட்டில் அரளியையும் தங்க அரளியையும் வைக்காமலிருப்பதே மேல். இரண்டும் கொடிய விஷம். தங்க அரளியின் கொட்டை உயிருக்கே ஆபத்து.

கொன்றை விதையின் தோல் மிகக் கடினமானது. கல்லில் சற்று உராய்ந்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊற வைத்துப் போட்டால்தான் சீக்கிரம் முளைக்கும். விதையிலிருந்து வரும் மரம் பூக்கச் சில வருஷங்கள் ஆகும்; பொறுமையையும் சேர்த்தே நட வேண்டும். கன்றுகளை ஆடி, ஆவணியில் வைத்துவிட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துக்கொள்ளும். சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி வைப்பது நல்லது. உதிரும் இலையைக் கொளுத்தாமல் மரத்தடியிலேயே பரப்பினால் மண்ணின் ஈரம் காயாது. மீதியைக் குழியில் போட்டால் எருவாகும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது: வாசல் முழுவதும் சிமெண்டு பூசாதீர்கள். 2003-ஆம் வருஷத்திலேயே தமிழ்நாட்டில் வீடுதோறும் மழைநீரைச் சேகரிக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. குழாயும் தொட்டியும் அமைத்துச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டு, அடிமரத்தின் கழுத்து வரையில் சிமெண்டைப் பூசி மண்ணின் வாயை அடைப்பது என்ன நியாயம்? மரத்தைச் சுற்றி நாலடி மண்ணையாவது திறந்து விட்டால் மழையும் உள்ளே போகும். மரமும் மூச்சு விடும்.

வைகாசிக் கடைசியில் வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது. பத்தே நிமிஷத்தில் கொன்றை விடுதலையாயிற்று. புத்திரன் தன் வண்டியை வாசலின் மறுபுறத்தில் நிறுத்துவதாக ஒப்புக்கொண்டான். வண்டி இன்னும் வரவில்லை.

ஆடி மாதத்தில், அத்தையின் ஜன்னலுக்கு நேராக ஒரு பவழமல்லிக் கன்றை நட்டோம். மண்வெட்டிச் சத்தத்தைக் கேட்டு, "இது என்ன நிறம்டா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வெள்ளையும் பவழமும், அத்தை. ஆனால் பூப்பதற்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும்" என்றோம்.

"ஆகட்டுமே, நான் எங்கே போகப் போகிறேன்?" என்றார் அத்தை.